சிவப்புக்குப் போன சராசரி

அத்தியாயம் ஐந்து

இருதயம்மாள் திருடி என்று கண்டுபிடித்தது மனிதர்கள் அல்ல, கம்ப்யூட்டர். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இதையே ஒரு மனிதன் சொல்லியிருந்தால், "உனக்கும் அவளுக்கும் என்ன தகராறு?" என்று ஒருவராவது கேட்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு யாரோடும் தகராறு கிடையாது என்பது படித்தவர்களின் நம்பிக்கை. படிக்காதவர்களை அதை நம்பச் சொல்லி மிரட்டுவது அவர்களின் தொழில்.

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, சக்குபள்ளத்துக்கு மேலே, மழையில் ஊறிப்போயிருந்த கருடப்பாறை ஏலத்தோட்டத்தின் ஆபீஸ் வராந்தாவில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலி கொடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட காய்க்கூடை போதும் என்று நினைத்துவிட்டார்கள். முப்பது வருடம் அதே தோட்டத்தில் காய் எடுத்த உடம்பு. கூடைமேல் உட்கார்ந்தும் முதுகு வளையவில்லை.

கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் முதலில் இறங்கினான். சிவப்பாக, கண்ணாடி போட்டு, டிடெக்டிவ் மாதிரியே இருந்தான். மேனேஜர் ஜிபி குடையோடு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வரணும் ஸாரே, வரணும். ஹாஜியார் போன்ல பறஞ்சு. பெரிய டிடெக்டிவ்னு."

"டிடெக்டிவ் அவாளாக்கும்," என்று அவன் பின்சீட்டைக் காட்டினான். "நான் அத்வைத். அவா மூளைக்கு டிரைவர், காருக்கும் டிரைவர். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். அதுவும் போன மாசத்தோடது வரலை."

பின்சீட்டிலிருந்து ஃபர்ஸானா இறங்கினாள். ஜிபியின் குடை அவள் பக்கம் வரவில்லை. அவளுக்கு இது பழக்கம்தான். பாலக்காட்டில் தள்ளுவண்டியில் வளையல் விற்றவரின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி. அத்வைத்துக்குக் கல்பாத்தி அக்ரகாரம். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக டிகிரி வாங்கினார்கள். நாலாவது தலைமுறை பெங்களூரில் வேலையை இழந்துவிட்டு, இப்போது முதல் தலைமுறைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தது.

"போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஃபர்ஸானா.

"சொல்லியாச்சு மேடம். நாலு மணிக்கு ஜீப் வரும். ஹாஜியார் ஒரு வார்த்தை பறஞ்சா கேஸ். தோட்டம் கொடுத்த லைன் வீடும் இவ இன்னைக்கே காலி பண்ணணும். அவருக்குப் பின்னே ஒரு நிர்பந்தம், டிடெக்டிவ் வந்து ஒண்ணு நோக்கட்டும்னு." வந்து பார்ப்பது ஒரு சடங்கு என்பது அவன் குரலில் இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கிற மாதிரி.

தோட்டத்து முதலாளி ஹக்கீம் ஹாஜியார் பாலக்காட்டில் இருந்தார். அவர் இங்கே வருவது வருடத்துக்கு இரண்டு முறை. மீதி நாளெல்லாம் போனில் ஒரே ஒரு எண்ணைப் பார்ப்பார். அந்த எண்தான் ஆபீஸ் சுவரில் பெரிய டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

18.6. ரத்தச் சிவப்பில்.

"இது என்ன, டெங்குக் காய்ச்சலா?" என்றான் அத்வைத்.

ஜிபி சிரிக்கவில்லை. விளக்கினான். பறித்த பச்சைக்காய் சாயங்காலம் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற கொட்டகை. ராத்திரி முழுக்க டிரையரில் உலரும். விடிந்ததும் எடுத்து எடை போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நூறு கிலோ பச்சைக்காய் போட்டால் இருபது, இருபத்தொரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். அதற்கு ரொம்பக் கீழே போனால் ஒரே அர்த்தம்: நடுவில் யாரோ அள்ளுகிறார்கள்.

"ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதுகொண்டு ஏழு நாள் சராசரி. தினமும் புதுசா ஒரு நாள் உள்ளே வரும், பழைய நாள் ஒண்ணு வெளியே போகும். பத்தொன்பதுக்குத் தாழே போனா சிவப்பு. நம்ம நௌஃபல் மோன் செஞ்ச ஸிஸ்டம். ஹாஜியாருக்கு மருமகன். லண்டன்ல படிச்சது."

"லண்டன்ல ஏலக்காய் விளையுதா?"

"மேடம்!"

"சரி. சிவப்பு வந்துச்சு. அதுக்கு எதுக்கு இந்தம்மா?"

ஜிபி இதற்காகவே காத்திருந்தவன் போல விரலை மடக்கினான். "ஸ்டோர் சாவி இவ கையில குடுத்து இன்னைக்குப் பத்து நாள். சராசரி ஏழு நாளோடது. ஏழு, பத்துக்குள்ளே அடங்குமோ இல்லையோ? ஏழு நாளும் இவளோடது. வேறே ஆரும் தொட்டிட்டில்லா. ஸ்கூலுக்குப் போகாதவனுக்கும் மனசிலாகும் இந்தக் கணக்கு."

"ஸ்கூலுக்குப் போனவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, ஃபர்ஸானா வராந்தாவுக்கு வந்தாள். ஆபீஸிலிருந்து நாற்காலி ஒன்றை இழுத்து இருதயம்மாளுக்குப் போட்டாள். கூடையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

இருதயம்மாள் நாற்காலியையும் அவளையும் ஒரு முறை பார்த்தாள்.

"நீ போலீஸா தாயி?"

"இல்லீங்கம்மா. போலீஸுக்கு முன்னாடி வர்ற ஆளு."

"அப்ப டாக்டரு சாவுறதுக்கு முன்ன வருவாருல்லா, அந்த மாதிரி."

அத்வைத் வாய்விட்டுச் சிரித்தான். ஃபர்ஸானா சிரிக்கவில்லை. "காயை எடுத்தீங்களா?"

"அந்தப் பொட்டி எடுத்தேன்னு சொல்லுதாம்லா. அது எப்ப வந்து ஸ்டோர்ல பாத்துச்சு? நா எடுத்திருந்தா மழைல ஒழுகுத லைன் வீட்டுல எதுக்குக் கெடக்கேன்? முப்பது வருசம் காய் எடுக்கச் சொன்னாவ, எடுத்தேன். பொங்கலுக்கு மொத நாளு கூப்பிட்டு, இருதயம்மா, இனி நீதான் ஸ்டோர் இன்சார்ஜுன்னாவ. சாவியக் கையில குடுத்தாவ. கோயில்ல போயி மெழுகுதிரி ஏத்திட்டு வந்தேன். பத்தாம் நாளு திருடிங்காவ. மெழுகுதிரிக் காசயாவது திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"பத்து நாள்ல எத்தனை தடவை எடை போட்டீங்க?"

"மூணு தடவ."

ஃபர்ஸானா கூடையிலிருந்து எழுந்தேவிட்டாள். "மூணுதானா? ஏன்?"

"காய் வந்தாத்தான எட போட? பொங்கலுக்குக் கம்பத்து ஜீப்பு ஒண்ணும் மலையேறல. அப்புறம் ஒரு நாளு ஹர்த்தாலு. அப்புறம் ஜீப்புக்காரங்க ஸ்டிரைக்கு, ஆள் அதிகமா ஏத்துனாம்னு செக்போஸ்ட்டுல ஃபைன் போட்டாம்லா, அதுக்கு. ஜீப்பு வரலன்னா தோட்டத்துல ஆளு ஏது? காய் செடியிலயேதான் கெடந்துச்சு."

அது இந்த மலைக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினமும் காலையில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஜீப்பில் திணித்துக்கொண்டு ஆட்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். சாயங்காலம் அதே மாதிரி திணித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் கை படாமல் ஒரு காய் செடியை விட்டு இறங்காது. லண்டனுக்கு மட்டும் இது தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஃபர்ஸானா உள்ளே திரும்பிப் பார்த்தாள். டிவியில் 18.6 மின்னிக்கொண்டிருந்தது. "அத்வைத். ஏழு நாள் சராசரிங்கறாங்க. இந்தம்மா எடை போட்டது மூணு நாள். பாக்கி நாலு நாள் எங்கேருந்து வந்தது?"

"வாடகைக்கு எடுத்திருப்பா," என்றான் அத்வைத். ஆனால் அவன் கை ஏற்கெனவே பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டிருந்தது.

எஸ்டேட் டேட்டாபேஸுக்குள் நுழைவதற்கு அத்வைத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் ஒரே யூசர் பெயர், ஸ்டோர். ஒரே பாஸ்வேர்ட், ஒன்று இரண்டு மூன்று நான்கு. "லண்டன் படிப்பாக்கும்," என்று மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

உள்ளே ஒரே ஒரு டேபிள். ஒரு நாள் எடைக்கு ஒரு வரிசை: தேதி, பச்சைக்காய், உலர்ந்த காய், பதிவான நேரம். காய் வராத நாளுக்கு வரிசையே இல்லை. பூஜ்யம்கூட இல்லை, அந்த நாள் பிறக்கவே இல்லை என்பது போல.

"இதோ இருக்கு மேடம், நம்ம மருமகன் எழுதின வாக்கியம்." அத்வைத் திரையைத் திருப்பினான். "சராசரி எடு, தேதிப்படி அடுக்கு. அப்புறம் பாருங்கோ, ரோஸ் பிட்வீன் சிக்ஸ் பிரிசீடிங் அண்ட் கரண்ட் ரோ. அதாவது இந்த வரிசை, இதுக்கு முந்தின ஆறு வரிசை. மொத்தம் ஏழு."

"ஏழு வரிசை. ஏழு நாள்னு எங்க இருக்கு?"

"மேலே தலைப்புல. வாக்கியத்துல இல்லை."

ஜிபி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணில்லே?"

"எங்க ஆத்துல பெரியப்பா ஒருத்தர் இருக்கார் ஸார். ஏகாதசி, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, எல்லாத்துக்கும் பட்டினி. அவர் கடைசி ஏழு நாள்ல சாப்பிட்டதும், கடைசியா சாப்பிட்ட ஏழு சாப்பாடும் ஒண்ணாகுமா? ஏழு சாப்பாட்டை எண்ணினா போன வாரத்துக்கும் முந்தின வாரத்து சாம்பார் உள்ளே வந்துடும். இந்தப் பெட்டி சாப்பாட்டை எண்றது. நாளை எண்ணலை."

"இந்தப் பெட்டி பொங்கலுக்கு முந்தின சாம்பாரைத் தின்னுட்டு, பொங்கலுக்குப் பிந்தின சமையல்காரிய அடிக்குது," என்றாள் ஃபர்ஸானா. "அந்த ஏழையும் தனித்தனியாக் காட்டு. சராசரி வேண்டாம்."

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஹாஜியாருக்கு ஒரே எண் பிடிக்கும். ஹாஜியாருக்குப் பிடித்ததைத் தவிர வேறு எதையும் திரையில் காட்டுவது நௌஃபலுக்குப் பிடிக்காது.

ஏழு வரிசைகள் வந்தன. கடைசி மூன்றும் இருதயம்மாளுடையவை. மூன்று நாளும் மழையில் நனைந்த காய், தண்ணீரும் எடையில் சேரும். அப்படியும் நூற்றுக்கு இருபது. அதற்கு முந்தைய நாலும் பொங்கலுக்கு முன்பு, வெயில் அடித்த நாட்களில், நனையாத காய். நூற்றுக்குப் பதினேழரை, பதினேழரை, பதினேழரை, பதினேழரை.

"அழகா அள்ளியிருக்கான்," என்று ரசித்தான் அத்வைத். "தினமும் ஒரே அளவு. நித்ய பூஜை மாதிரி."

"அப்ப டிவி என்ன காட்டுச்சு?"

அத்வைத் தட்டினான். அந்த நாலாவது நாளில் சராசரி 19.1. பச்சை நிறம். திருட்டு தொடங்குவதற்கு முந்தைய மூன்று நாள்கள் இருபத்தொன்றுக்கு மேல் இருந்ததால், அவை திருட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டன. எடுத்தவன் டிவியைப் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறான். இன்னும் ஒரு நாள் எடுத்திருந்தால் சிவப்பு. ஐந்தாம் நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பொங்கல்.

வராந்தாவிலிருந்து இருதயம்மாள் கேட்டாள்: "என்ன சொல்லுது?"

"நீங்க எடுக்கலைன்னு சொல்லுது."

"அத நா காலையிலயே சொன்னேனே," என்றாள் இருதயம்மாள். அவள் சொன்னதை நம்புவதற்கு ஒரு டேட்டாபேஸ் தேவைப்பட்டிருக்கிறது.

ஜிபி நெற்றியைத் தட்டிக்கொண்டான். "ஹோ! எனிக்கு இப்பத்தான் மனசிலாயி. முனீஸ்வரன்! பழைய ஸ்டோர்க்காரன். பொங்கலுக்குன்னு கம்பத்துக்கு இறங்கினவன் திரும்பி வந்திட்டில்லா. மகன் கூட திருப்பூருக்குப் போறேன்னு அன்னைக்கே ஒரு போன், அவ்வளவுதான். நாலு நாள் அள்ளிட்டு முங்கிட்டான்! மேடம், நீங்க கெட்டிக்காரி தன்னே!" பிறகு வராந்தாவைப் பார்த்துக் குரலில் தேன் தடவினான். "இருதயம்மா, போட்டே, விடு. கணக்கு தெற்றிப்போச்சு. வீட்டுக்குப் போய்க்கோ."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"கேஸ் முடிஞ்சது," என்று லேப்டாப்பை மூடப் போனான் அத்வைத். "மலையிறங்கி கம்பத்துல பரோட்டா சாப்பிட்டா, நேக்கு இந்த ஜன்மம் போறும்."

"மூடாத. கடைசி பத்தி ஒண்ணு இருக்கே. பதிவான நேரம். அந்த நாலு நாளும் எத்தனை மணிக்கு ஏத்தியிருக்கு?"

அத்வைத் பார்த்தான். "விடியக்காலம்பற. ஆறரை வாக்குல. நாலும்."

ஃபர்ஸானா வெளியே போனாள். டீக்கடைப் படுதாவுக்குக் கீழே தன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சூசையப்பனைப் பிடித்தாள். கம்பத்திலிருந்து கருடப்பாறைக்கு ஆள் ஏற்றி வருகிறவன் அவன்தான். ஜீப்பின் கண்ணாடியில் அந்தோணியார், அம்மன், ஒரு நடிகர்; மூவருக்கும் ஒரே மாலை.

"முனீஸ்வரன் உங்க ஜீப்புலதான் வருவாரா?"

"ஆமாக்கா. முன் சீட்டு. வயசான மனுசன், பின்னாடி தொங்க முடியாதுல்ல."

"ஆறரைக்கு இங்க வந்துருவாரா?"

சூசையப்பன் துணியைக் கீழே போட்டுவிட்டு அவளை முழுசாகப் பார்த்தான். "ஆறரைக்கா? ஆறரைக்கு நா கம்பத்துல பல்லு விளக்கிக்கிட்டிருப்பேன். அந்தக் கொண்டையூசி வளைவெல்லாம் ஏறி, செக்போஸ்ட்டுல கும்பிடு போட்டு, இங்க வந்து சேர எட்டரை ஆயிரும். முனீஸு அண்ணே என்ன, ராக்கெட்டுலயா வர்றாரு?"

"அப்ப விடியக்கால எடையெல்லாம்?"

"அத ஏங்கிட்ட கேட்டா? அண்ணே எப்பவும் பொலம்புவாரு. நா வர்றதுக்குள்ள எடை முடிஞ்சிருது, ஸ்டோர்க்காரன்னு பேரு, மூடை தூக்குறதுதான் வேலைன்னு."

அவள் திரும்பி வந்தபோது ஜிபி போனில் ஹாஜியாருக்கு முனீஸ்வரன் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். அவன் கையிலிருந்து போனை எடுத்து, "ஹாஜியார், ரெண்டு நிமிஷம்" என்று வைத்தாள்.

"இருதயம்மா, முனீஸ்வரன் இருந்தப்ப ராத்திரி ஸ்டோர் சாவி எங்க இருக்கும்?"

இருதயம்மாள் ஜிபியைப் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கம். மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள்.

"மானேசரு பங்களாவுல. சாயங்காலம் ஜீப்பு ஏறுதப்ப அண்ணன் சாவியக் குடுத்துட்டுப் போவாரு. காலைல எட போடுததும் பங்களாதான். லைன்ல எல்லாத்துக்கும் தெரியும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"பொங்கலுக்கு முன்ன நடந்தத யாரு கேட்டா? ஏழு நாளு, ஏழு நாளுன்னுல்லா சொன்னாவ."

ஜிபி சிரித்தான். சிரிப்பு முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. "சாவி பங்களாவில ஆணியில தொங்கும் மேடம். ஆணி எடுத்துன்னு கேஸ் கொடுக்க முடியுமோ? வேலைக்காரன் எடுக்கலாம், வாட்ச்மேன் எடுக்கலாம். நாலு நாள் எடை குறைஞ்சு, சரி. ஞான் எதுக்கு எடுக்கணும்? ஸிஸ்டம் உண்டுன்னு எனிக்குத் தெரியாதோ? எடுத்தா சிவப்பு வரும்னு தெரிஞ்சே எடுப்பேனோ?"

நியாயமான கேள்வி. அத்வைத்கூட மேடத்தைப் பார்த்தான். மேடம் போனில் ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, நௌஃபல்? நான் ஃபர்ஸானா. ஸ்பீக்கர்ல போடறேன். உங்க ஸிஸ்டத்தப் பத்தி ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அக்கா," என்றது போன் பெருமையாக. "ஏ.ஐ. அது. கொஞ்சம் காம்ப்ளிகேட்டட். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லட்டுமா?"

அத்வைத் இரண்டு கைகளையும் கூப்பிக் கூரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சிம்பிளா ஒண்ணு சொல்லுங்க போதும். பழைய நாளோட கணக்கு எப்ப சராசரிய விட்டு வெளிய போகும்?"

"ஏழு நாள் கழிச்சு. ஆட்டோமேட்டிக். ஏழு நாளுக்கு மேல இருக்கிற எதையும் அது மறந்துரும். இதே சந்தேகத்தை மார்கழிலேயே ஜிபி அண்ணன் கேட்டாரே! ஒரு வாரம் காய் வரலைன்னா பழசெல்லாம் போயிருமா, பொங்கல் லீவு வந்தா அதுக்கு முன்னாடி உள்ளது எதுவும் தெரியாதான்னு ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார். அவருக்கெல்லாம் டெக்னாலஜில நல்ல இன்ட்ரஸ்ட் அக்கா. நான்தான் சொன்னேன், எதுவும் தெரியாது அண்ணே, பொங்கல் முடிஞ்சா ஃப்ரெஷ்ஷா..."

ஜிபியின் கை போனை நோக்கி வந்தது. அத்வைத் லேப்டாப்பை நடுவில் வைத்தான். கை லேப்டாப்பில் முட்டி நின்றது.

"மெதுவா ஸார். இ.எம்.ஐ. இன்னும் பாக்கி."

ஃபர்ஸானா மேஜைமேல் சாய்ந்துகொண்டாள்.

"சிவப்பு வரும்னு தெரிஞ்சே எடுப்பேனான்னு கேட்டீங்க. வராதுன்னு தெரிஞ்சு எடுத்தீங்க. கோட்டுக்கு மேல நிக்கிற மாதிரி நாலு நாள் அளந்து எடுத்தீங்க. அப்புறம் பொங்கல். ஜீப் வராது, காய் வராது, ஒரு வாரம் போனா பெட்டி எல்லாத்தையும் மறந்துரும். மறக்கலைன்னா என்ன பண்றதுன்னு ஒரு இன்ஷூரன்ஸும் எடுத்தீங்க. முப்பது வருஷமா குடுக்காத பதவியப் பொங்கலுக்கு மொத நாள் கூப்பிட்டுக் குடுத்தீங்க." அவள் குரல் உயரவில்லை, அதுதான் ஜிபிக்குப் பயமாக இருந்தது. "இந்தம்மா மெழுகுதிரி ஏத்தியிருக்காங்க, அதுக்கு."

"அக்கா?" என்றது போன். "ஏதாவது பிரச்சினையா?"

"உங்க வாக்கியத்துல பிரச்சினை நௌஃபல். நீங்க ஏழு நாள்னு பேர் வெச்சு ஏழு வரிசைன்னு எழுதியிருக்கீங்க. அது எதையும் மறக்கலை. லீவுக்கு முன்னாடி உள்ள நாலு நாளையும் கட்டிப் பிடிச்சு உக்காந்திருக்கு."

போனுக்குள் லண்டன் படிப்பு எங்கோ ஒரு மூலையில் புரள்வது கேட்டது. "அய்யோ. வரிசையை எண்ணுற ரோஸுக்குப் பதிலா, தேதியை எண்ணுற ரேஞ்ச் போட்டிருக்கணும். உடனே சரி பண்ணிடறேன்."

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன். சரியா எழுதியிருந்தீங்கன்னா இன்னைக்கு டிவி பச்சையா இருந்திருக்கும், திருட்டு நடந்ததே உங்க மாமாவுக்குத் தெரிஞ்சிருக்காது. வாழ்க்கையில முதல் தடவையா உங்க தப்பு ஒருத்தருக்கு உதவியிருக்கு. அப்படியே இருக்கட்டும், போலீஸ் பாக்கணும்." போனை வைத்தாள்.

ஜிபி தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கொட்டகையில் திருடியவனுக்கு நாற்காலி எப்போதும் ஆபீஸுக்குள்ளேதான் போடப்பட்டிருந்தது.

ஹாஜியார் மறுபடி அழைத்தார். ஃபர்ஸானா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். முதலாளிகளுக்கு உண்மை பிடிக்கும், சத்தம் போடாமல் வந்தால்.

"நல்ல வேலை செஞ்சேம்மா. நீ சொன்னா சரிதான். ஆனா பாரு, ஜிபி இருபது வருஷ ஆளு. போலீஸு, பேப்பரு, யூனியன்னு போனா நம்ம தோட்டத்துப் பேருதான் கெடும். அவனை நான் மாத்திக்கறேன். நஷ்டம் என்னோடது, நான் பொறுத்துக்கறேன். அந்தம்மா வீட்டுல தங்கிக்கிடட்டும், வேலையும் இருக்கட்டும். போலீஸ்ட்ட, ஒண்ணுமில்ல, தெரியாம கூப்பிட்டுட்டோம்னு சொல்லி அனுப்பிரு."

"காலைல இந்தம்மா திருடின்னு நெனச்சப்ப தோட்டத்துப் பேரு கெடலீங்களா ஹாஜியார்?"

"அது வேற, இது வேறம்மா."

"என்ன வேற?"

ஹாஜியாருக்கு அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் இருமினார்.

"சரிங்க. காய் உங்களோடது. கேஸ் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா இங்க கெட்டுப்போன பேரு இன்னொண்ணும் இருக்கு. அது உங்களோடது இல்ல, அதனால நான் உங்களக் கேக்கத் தேவையில்ல." போனை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

கீழே வளைவில் போலீஸ் ஜீப் உறுமிக்கொண்டு ஏறுவது கேட்டது. பின்னால் வந்த அத்வைத் கிசுகிசுத்தான்: "நம்ம ஃபீஸ் ஹாஜியார்கிட்டதான் வரணும் மேடம். கேட்டேளா? அதை மட்டும் ஒரு ஓரமா ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

"வெச்சிருக்கேன். அதான் கோவம் வருது." ஃபர்ஸானா இருதயம்மாளின் முன்னால் நின்றாள். "அம்மா, முதலாளி உங்களைத் தங்கிக்கச் சொல்றாரு. ஜிபி எடுத்ததுக்கு அவரு கேஸ் குடுக்க மாட்டாரு. ஆனா நாலு பேரு பாக்க உங்களத் திருடின்னு உக்கார வெச்சானே, அதுக்குக் கேஸ் குடுக்கற உரிமை உங்களுக்கு மட்டும்தான். குடுத்தா முதலாளிக்குப் பிடிக்காது. அப்புறம் வேலையில நிம்மதி இருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. குடுக்காட்டி வீடு இருக்கு, வேலை இருக்கு. என்ன செய்யறதுன்னு நீங்க சொல்லுங்க."

"நீ படிச்ச புள்ள. நீ என்ன செய்வ?"

"எனக்குக் கோவம் ஜாஸ்திங்கம்மா. என்னைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க."

இருதயம்மாள் உள்ளே ஜிபி இருந்த பக்கம் பார்த்தாள். அவன் இவளைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டோர் பக்கம் வேலை முடிந்த பெண்கள் நாலைந்து பேர் தலையில் பிளாஸ்டிக் தாளோடு கூடி நின்றார்கள். காலையிலும் அவர்கள் அங்கேதான் நின்று பார்த்தார்கள்.

ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். மழைக்கோட்டு, மீசை, அவசரம்.

"எவிடே திருடி?" என்றார் பொதுவாக.

உள்ளேயிருந்து ஜிபி பாதி எழுந்து, "ஸார், அது ஒரு சின்ன தெற்றிதாரணை, தப்பா மனசிலாக்கிட்டோம், நீங்க போகாம்..." என்று தொடங்கினான்.

இருதயம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து எஸ்.ஐ.க்கு எதிரே போய் நின்றாள்.

"திருடி இல்ல சார், இங்க பிராது குடுக்குதவதான் இருக்கா. எம்மேல பொய்யாத் திருட்டுப் பட்டம் கட்டுனாவ. எழுதிக்கிடுங்க."

எஸ்.ஐ. ஜிபியைப் பார்த்தார், ஃபர்ஸானாவைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். கூட வந்த ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"இருதயம்மாள்."

"ஜோலி? காய் எடுப்போ?"

"இல்ல சார்," என்றாள் அவள், ஸ்டோர் பக்கம் நின்ற பெண்களுக்கும் கேட்கிற மாதிரி. "ஸ்டோர் இன்சார்ஜ்."